ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' அச்சுப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம். அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் பற்றிப் பேசப்போகிறேன். சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1947-இல் அமெரிக்காவுக்குப் போனவர். குகன்ஹைம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1955, 56-இல் பழைய காரில் நாடு முழுக்கச் சுற்றி, ஏறக்குறைய 28,000 படங்கள் எடுத்தார். புத்தகத்தில் சேர்த்தது 83-தான்.

நியூ ஆர்லியன்ஸ் டிராம் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஜன்னல்கள். முன்பக்கம் வெள்ளையர்கள், நடுவில் இரண்டு குழந்தைகள், பின்னால் கறுப்பின மக்கள். அதில் ஒருவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நம்மையே பார்க்கிறார். அந்தப் பார்வையைத் தாண்டி என்னால் பக்கத்தைப் புரட்டவே முடிவதில்லை. அந்தப் படம் எடுத்த 1955 டிசம்பரில்தான் அலபாமாவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில், கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார். தினமும் அந்த டிராமில் போனவர்களுக்கு அது வெறும் டிராம். வெளியிலிருந்து வந்தவர் கண்ணில் ஒரு நாடே அந்த ஜன்னல்களில் தெரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். படங்களின் வரிசைதான் அந்தப் புத்தகத்தின் உயிர். அதைத் தாளில் புரட்டிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். கோவை, திருப்பூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் தருவீர்களா? நானே வந்து வாங்கி, மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம், இந்த வரிசையை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எங்கே தொடங்கினீர்கள் என்றும் எழுதுங்கள்.