அதிகம் உதைக்கும் ரைஃபிளுக்குத் தாங்கும் ஸ்கோப் எது?

என்னிடம் இருப்பது .375 எச் அண்ட் எச் மேக்னம் வேட்டை ரைஃபிள். இப்போதுள்ள ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த அமைப்பு, நிற்கவே மாட்டேன் என்கிறது. சில ரவுண்டு போனதும் குண்டு விழும் இடம் நகர்ந்துவிடுகிறது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் திருகுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தாயிற்று. மவுண்ட் வளையத்துக்குள் ஸ்கோப் குழாய் வழுக்கிய கீறலும் இல்லை. உள்ளே ரெட்டிகிளை (குறிபார்க்கும் குறுக்குக்கோடு) பிடித்திருக்கும் பாகம்தான் தளர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது.

புதிதாக வாங்கும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளிதான் எனக்கு முக்கியம். 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 100 இருந்தால் நிம்மதி. மேட்டை நோக்கிச் சுடும்போது முகம் தானாக ஸ்கோப்பை நெருங்கிவிடும், அப்போது உதைத்தால் புருவம் கிழிந்துவிடும். எடையும் குறைவாக வேண்டும். கனமான ஸ்கோப் என்றால் ஒவ்வொரு உதைக்கும் வளையங்கள்தான் கூடுதலாக அடி வாங்கும்.

புதருக்குள் கிட்டத்தில்தான் சுடுவேன் என்பதால் 4, 5 மடங்கு உருப்பெருக்கத்துக்கு மேல் தேவையில்லை. லியூபோல்டின் 1.5-5 மடங்கு, ட்ரிஜிகானின் 1-4 மடங்கு இரண்டையும் யோசித்து வைத்திருக்கிறேன். இவற்றை .375 அல்லது .458 ரைஃபிளில் நீண்ட காலம் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஜீரோ நிற்கிறதா? அப்புறம், மாறாத 2.5 மடங்கு ஸ்கோப்தான் இன்னும் உறுதி என்கிறார்களே, சரிதானா?