இரும்பு ஆக்சைடு நானோதுகள்: எம்டிடி (செல் உயிர்ப்புச் சோதனை) முடிவை நம்பலாமா?

கேள்வி:
20 நானோமீட்டர் துகள், மேக்ரோஃபேஜ் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்பு) செல்கள், 24 மணி நேரம். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் எம்டிடி உயிர்ப்பு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் அழற்சியைக் காட்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் எகிறுகிறது. செல் நலமாக இருக்கிறதா, இல்லையா?

பதில் 1:
அந்த 100 சதவீதத்தை நம்பாதீர்கள். எம்டிடியில் உயிருள்ள செல் சாயத்தை ஃபார்மசான் என்ற ஊதாப் பொருளாக மாற்றும்; அந்த நிறத்தை அளக்கும் 570 நானோமீட்டரில் பழுப்புத் துகளே ஒளியை உறிஞ்சும். செல் இல்லாத குழிகளில் துகளை மட்டும் போட்டுக் கழித்தாலும் போதாது. கழுவும்போது அங்கே துகள் போய்விடும், செல் விழுங்கியது உள்ளேயே தங்கும். ஃபார்மசானை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்த பிறகு, துகள் அடியில் படியத் தட்டை மையவிலக்கியில் சுழற்றி, மேல்திரவத்தைப் புதுத் தட்டுக்கு மாற்றி அளவிடுங்கள். செல் சாவைக் காட்டும் அனெக்சின்-வி சோதனையும் கூடவே செய்யுங்கள்.

பதில் 2:
டிஎன்எஃப் எகிறினால் என் முதல் சந்தேகம் துகளோடு கலந்துவந்த எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் புறச்சவ்வு நச்சு) தான். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மேக்ரோஃபேஜ் கொதித்தெழும். ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தக்கலன்) கிருமியைக் கொல்லும், எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரங்களுக்கு 250 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பம், 30 நிமிடம். எண்டோடாக்சினை அளக்கும், நிறம் பார்க்கும் எல்ஏஎல் சோதனை 405 நானோமீட்டரில் நடக்கிறது, இரும்பு ஆக்சைடு அங்கே இன்னும் கருமை. தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின்-பி சேர்த்ததும் டிஎன்எஃப் விழுந்தால், குற்றவாளி துகள் அல்ல.

பதில் 3:
தண்ணீரில் அழகாக மிதக்கும் துகள் உப்புள்ள வளர்ப்புத் திரவத்தில் திரண்டுவிடும். அதனால் துகளின் பருமனை, 10 சதவீத சீரம் கலந்த வளர்ப்புத் திரவத்திலேயே அளந்து பாருங்கள். உயிரோடிருக்கும் செல்லிலும் லைசோசோம் (விழுங்கியதைச் செரிக்கும் பை) கிழிந்திருக்கலாம். அதற்காக ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தையும் பாருங்கள்.