கேட்வே கிளஸ்டர்: ஹெல்த் செக் எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

காட்பாடிக்காரன்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனம். மூன்று நோடு (சர்வர்) காங் கேட்வே, அதாவது வரும் ரிக்வெஸ்டுகளை உள்ளே உள்ள சர்வீஸ்களுக்கு அனுப்பும் வாசல். முன்னால், நோடுகளுக்கு டிராஃபிக்கைப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சராக ஹெச்ஏபிராக்ஸி. நோடு நலமா என்று அது பார்க்கும் ஹெல்த் செக், காங் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ட்பாயிண்டை மட்டும் பார்க்கிறது. போன வாரம் ஒரு நோடில் டிஎன்எஸ் (ஹோஸ்ட் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) கெட்டுப்போய், வந்த ரிக்வெஸ்டுக்கெல்லாம் 503 பிழை. செக்குக்கு மட்டும் ஜம்மென்று 200, 'எல்லாம் சரி' என்று! செக், கேட்வே வழியாக ஆர்டர் சர்வீஸின் டேட்டாபேஸ் வரை தொட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் கட்சி.

சத்துவாச்சாரி ஆப்ஸ்:
வேண்டாம் சார். அந்த டேட்டாபேஸ் திணறினால் மூன்று நோடும் சேர்ந்து ஃபெயில் ஆகும். ஹெச்ஏபிராக்ஸி வழக்கமாக 2 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். தொடர்ந்து 3 ஃபெயில் என்றால் நோடைத் தூக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் லாகின், ஸ்டாக், ஷிப்மென்ட் எல்லாமே படுத்துவிடும். ஒரு வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று தெரு வால்வையே மூடுகிற கதை. நிஜ டிராஃபிக்கின் பதில்களைக் கவனிக்க 'அப்சர்வ் லேயர்7' இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

காட்பாடிக்காரன்:
போட்டால்? பிழை வரம்பைத் தாண்டியதும் நோடு வெளியே போகும். ஸ்டேட்டஸ் செக் இரண்டு தடவை பாஸ் ஆனதும் திரும்ப உள்ளே வந்துவிடும். அப்புறம் மறுபடி 503, மறுபடி வெளியே. தவிர, ஆர்டர் சர்வீஸ் தரும் 500-ஐயும் அது கேட்வே கணக்கில்தான் எழுதும். நீங்கள் சொன்ன அதே ஆபத்து!

குடியாத்தம் நெட்:
இரண்டு பேரும் ஒரே செக்கிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள். ஒரு நோடுக்கு மட்டும் வரும் கோளாறுதான் லோடு பேலன்சருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நோடிலும் ஒரு குட்டி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வையுங்கள், வெறும் 'ஓகே' சொன்னால் போதும். காங்கில் அதற்கு ஒரு ரூட் (பாதை), ஐபி போடாமல் ஹோஸ்ட் பெயரில். ஹெச்ஏபிராக்ஸி அந்த ரூட்டைச் செக் செய்யட்டும். டிஎன்எஸ், ப்ராக்ஸி பாதை இரண்டும் சோதனைக்கு வரும், டேட்டாபேஸ் வராது. டேட்டாபேஸ் வரை போகும் செக்கை ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் வைத்து அலர்ட் மட்டும் அனுப்புங்கள்.

சத்துவாச்சாரி ஆப்ஸ்:
டிஎன்எஸ் சர்வரே போனால்? அப்போதும் மூன்றும் வெளியேதான். கேஷில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும் நோடைக்கூட நாமே கொன்றுவிடுவோம்.

குடியாத்தம் நெட்:
நியாயமான கேள்வி. என்வாய் என்ற இன்னொரு ப்ராக்ஸியில் இதற்கு 'பேனிக்' வரம்பு உண்டு: நல்ல ஹோஸ்டுகள் 50 சதவீதத்துக்குக் கீழே போனால், செக் முடிவைத் தள்ளிவிட்டு எல்லோருக்கும் அனுப்பும். ஹெச்ஏபிராக்ஸியில் அதே மூன்று நோடையும் செக் இல்லாமல் 'பேக்கப்' (மற்றதெல்லாம் வெளியே போனால் மட்டும் எடுப்பது) என்று இன்னொரு முறை எழுதி, பேக்கப் எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் 'ஆல்பேக்கப்ஸ்' ஆப்ஷனையும் போடுங்கள்.

அது இருக்கட்டும், ப்ரோமிதியஸ் எங்கே ஓடுகிறது?

காட்பாடிக்காரன்:
அதே ரேக்கில்தான்.

குடியாத்தம் நெட்:
வேலூர் வெயிலில் யூபிஎஸ் படுத்தால் அலர்ட் அனுப்பவே ஆள் இருக்காது சார். வெளியே ஒரு சின்ன விஎம் (மெய்நிகர் சர்வர்) எடுத்து, அங்கிருந்து பொது முகவரியை அடித்துப் பாருங்கள்.

சத்துவாச்சாரி ஆப்ஸ்:
பேக்கப் வரி சரி. ரூட் செக்கில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. முதலில் ஒரு நோடில் மட்டும் போட்டு, டிஎன்எஸ்ஸை நீங்களே நிறுத்திப் பார்த்துவிட்டு லாகை இங்கே போடுங்கள்.