எண்ணெய் உறையில் 'ஜிஎம்' குறியீடு: விவரம் அறிந்தோர் உதவுக

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம் அருகே நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தயாரித்து விற்கிறோம். தேங்காய் எண்ணெயின் விலை கட்டுப்படியாகாததால், வேறு வழியின்றி (நம் ஊரில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது) சோயா எண்ணெயும் பருத்தி விதை எண்ணெயும் கலந்து பொரிக்கத் தொடங்கினோம். இவை மரபணு மாற்றப் பயிரிலிருந்து வந்தவையா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

மரபணு மாற்றிய உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில், மேற்பகுதியில், 'ஜிஎம்' என்று அச்சிட வேண்டும் என 2013 ஜனவரி முதல் பொட்டலப் பொருள் விதி கூறுகிறது. ஆயினும், 2002இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய 'பிடி' (Bt) பருத்தியே நாட்டில் பெரும்பாலும் விளையும் நிலையில், நாங்கள் வாங்கிய எந்த எண்ணெய் உறையிலும் அக்குறியைக் கண்டதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுத் தடயம் அநேகமாக எஞ்சாது என்பதால், ஆய்வகச் சோதனையைவிட விதை எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணமே பயன்படும் என்று கருதுகிறேன்.

நாகர்கோவில், தக்கலைப் பகுதிகளில் மொத்த வியாபாரியிடமிருந்து அத்தகைய சான்றை எழுத்தில் பெற்றவர் எவரேனும் உண்டா? பொரிக்க மட்டும் பயன்படுத்திய எண்ணெய்க்காக எங்கள் சிப்ஸ் உறையிலும் அக்குறியை இட வேண்டுமா? புதிய உறைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் தெரிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.