ஓடை ஓரமா ஒரு நைட் தங்கணும், ஐடியா குடுங்க

மக்களே, நானும் தம்பியும் காட்டுக்குள்ள ஓடைய ஒட்டியே போற பாதையில நடந்து ஒரு நைட் தங்கிட்டு வரலாம்னு இருக்கோம். தண்ணிய ஒரு நிமிஷம் நல்லா கொதிக்க விட்டா போதும்தான், ஆனா நடுவழில யாரு அடுப்பு பத்த வைக்கிறது, அதான் ஃபில்டர் வாங்கவா இல்ல குளோரின் மாத்திரை போதுமா? டென்ட்ட தண்ணியில இருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடணும்ங்கறாங்க, நியாயம்தான், பள்ளத்துல குளிர் வந்து தங்கி விடிகாலைல டென்ட் உள்பக்கமே சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும், ஆனா மேட்டுல சமதரையே கிடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க? அப்புறம் நாலஞ்சு எடத்துல ஓடைய கடக்கணும், ஷூவோடயே இறங்கலாமா? பையோட இடுப்பு பெல்ட்ட கழட்டிட்டு இறங்குடா, வழுக்கி விழுந்தா பை உன்ன தண்ணிக்குள்ள அமுக்கிடும்னா தம்பி சிரிக்கிறான். அவனுக்கும் சேத்து யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.