‘டை-இன் நாவல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு நாவலைப் பற்றிய வாசகர் கருத்துகளைத் தொகுத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘சார்ம்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஒட்டிப் பதின்ம வயதினருக்காக வந்த நாவல் அது. தொடர் 1998 முதல் 2006 வரை எட்டு சீசன் ஓடியது. இங்கே சிலராவது பார்த்திருப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன வீட்டில் மூன்று சகோதரிகள். கடைக்குட்டி பரணில் ஒரு பழைய மந்திரப் புத்தகத்தைக் கண்டெடுத்து உரக்கப் படிக்கிறாள். தாய்வழியில் வந்த ஆற்றல் மூவருக்கும் விழித்துக்கொள்கிறது. மூத்தவள் தொடாமலே பொருளை நகர்த்துவாள், நடுவில் உள்ளவள் நேரத்தை உறையவைப்பாள், இளையவளுக்கு நடக்கப்போவது கண்ணில் தெரியும். நடுவில் உள்ளவளின் காதலனே அந்த ஆற்றலைப் பறிக்க வந்தவன் என்பது முதல் கதை. நான் சொல்லும் புத்தகம் அந்த முதல் கதையின் நாவல் வடிவம்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘டை-இன் நாவல்’ என்று பெயர். கட்டுரையில் ஏழெட்டு இடத்தில் வருகிறது. முதல் வரைவில் ‘இணைப்பு நாவல்’ என்று போட்டேன். படித்த தோழி, “இதழோடு இலவசமாகக் கொடுத்தார்களா?” என்றாள். அத்தோடு அது போயிற்று. ‘துணைநாவல்’ என்றால் பரீட்சைக்கு முந்தின இரவு புரட்டும் துணைப்பாடம் ஞாபகம் வருகிறது. ‘டை’ என்றால் கட்டுதானே, ‘கட்டுநாவல்’ என்று யோசித்தேன். கட்டுக்கதை என்று காதில் விழுகிறது. ‘ஒட்டுநாவல்’ ஒட்டுமாங்கனியைப் போல இனிக்கும் என்று நினைத்தால், பின்னாலேயே ஒட்டுண்ணியும் வந்து நிற்கிறது.

வாசகர்கள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். சொல் அதற்கும் பொருந்த வேண்டும் இல்லையா? தொடரைப் பார்த்துவிட்டுப் படித்தவர்களில் பாதிப் பேருக்குச் சலிப்பு. வசனம் வசனமாக நினைவிருக்கிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்கிறார்கள். மீதிப் பேர், அந்தப் பெண்கள் மனதுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது திரையில் கிடைக்காது, அதற்காகவே படித்தோம் என்கிறார்கள். தொடரையே பார்க்காமல் புத்தகத்தை எடுத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் எழுதியதுதான் சுவையாக இருக்கிறது. அவர்களுக்குப் பேய் பிசாசு எல்லாம் இரண்டாம் பட்சம். அக்கா தங்கை சண்டைதான் கதை. ஒருத்தி எழுதியிருந்தாள்: “பறக்கவைக்கும் சக்தி எனக்கு வேண்டாம். கோபம் வந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமே, அது மட்டும் போதும்.”

நல்ல சொல் ஒன்று கொடுங்கள்.

* * *

அம்மா, வணக்கம்.

புதுச்சொல் எதற்கு? பவணந்தியார் ஏற்கெனவே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். “முதல் வழி சார்பென நூல்மூன் றாகும்” என்பது நன்னூல் பாயிரம். முதல்நூல் தெரிந்ததுதான். வழிநூலுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்:

“முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்”

முன்னவர் முடித்த முடிவோடு முழுக்க ஒத்துப்போக வேண்டும். பின்னவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் சேர்க்கலாம். மரபு மட்டும் கெடக் கூடாது. நீங்கள் சொன்ன புத்தகம் இதுதானே? கதை மாறவில்லை, மனதுக்குள் ஓடும் எண்ணம் கூடியிருக்கிறது. ஆகவே அது ‘வழிநாவல்’.

அதே தொடரின் ஆட்களை வைத்து, திரையில் வராத புதுக்கதை எழுதுவார்கள் அல்லவா? அதற்கு அடுத்த சூத்திரம் இருக்கிறது: “இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது புடைநூல் ஆகும்.” ஒரு பக்கம் ஒத்து, மற்றதில் வேறாவது. சார்புநூலைத்தான் புடைநூல் என்கிறார். எனவே இது ‘புடைநாவல்’, அல்லது ‘சார்புநாவல்’.

வசனத்தை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்ட வாசகர்களுக்கும் பவணந்தியாரிடம் பதில் உண்டு. “முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்” என்கிறார். பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் பொன்போல் காப்போம் என்று. அவர் இதை எண்ணிச் சொல்லியிருக்க மாட்டார், இருந்தாலும் பொருந்துகிறது!

* * *

ஐயா, சூத்திரம் பிரமாதம். ஆனால் ‘வழிநாவல்’ என்றால் என் தலைமுறைக்கு வழியில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகும் நாவல். ‘புடைநாவல்’ என்றால் முறத்தில் போட்டுப் புடைத்தது, இல்லாவிட்டால் எங்கோ வீங்கியது. ‘தோழியர் புடைசூழ’ என்பதில் மட்டும் அந்தச் சொல் அழகாக இருக்கிறது. மூன்று சகோதரிகள் கதைக்கு அது பொருத்தம் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

என் உண்மையான சந்தேகம் வேறு. வழி என்றால் முதல் ஒன்று முன்னால் இருக்க வேண்டும். ‘கிங் காங்’ நாவல் 1932 டிசம்பரில் வந்துவிட்டது, படம் 1933 மார்ச்சில்தான். ‘ஸ்டார் வார்ஸ்’ நாவல் 1976, படம் 1977. கடையில் நாவலைத்தான் முதலில் பார்த்தார்கள். எது முதல், எது வழி?

நம்மிடமே ‘தியாகபூமி’ இருக்கிறது. கல்கி ஆனந்த விகடனில் தொடராக எழுதினார், கே. சுப்ரமணியம் படமாக எடுத்தார், 1939-இல் வெளிவந்தது. தொடருக்கு ஓவியத்துக்குப் பதில் படத்தின் காட்சிப் புகைப்படங்களையே போட்டார்கள். ஒன்றை ஒன்று தூக்கிக்கொண்டு நடந்த இரண்டு படைப்புகள். ஒதுக்கிவிட்டுப் பிறகு ‘என்னோடு வந்து வாழ்’ என்று வழக்காடும் கணவனிடம், வேண்டுமானால் நான் உனக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் சாவித்திரி. மந்திரப் புத்தகமும் இல்லை, மாய சக்தியும் இல்லை. பெண் ஆற்றல் பேசிய டை-இன் கதை வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

* * *

குறுக்கே ஒரு குறிப்பு. ரசிகர்கள் தாங்களாக எழுதும் கதைக்கும் டை-இன் நாவலுக்கும் என்ன வேறுபாடு? உரிமம், அவ்வளவுதான். ஒன்று அனுமதி இல்லாமல் எழுதுவது, மற்றது ஒப்பந்தம் போட்டு எழுதுவது. எழுதியவருக்குப் பெரும்பாலும் பதிப்புரிமைகூடக் கிடையாது. அது தொடரின் உரிமையாளருக்குப் போய்விடும். அப்படியானால் ‘உரிமநாவல்’ என்று சொன்னால் என்ன? மூலம் திரையா, ஆட்டமா, சித்திரக்கதையா என்ற கவலையும் இல்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். கருத்துகளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

உரிமம் பற்றிய மடலைப் படித்தவுடன் முதலில் தோன்றியது, வாசகனுக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான். தவறு. சம்பந்தம் இருக்கிறது. திரையில் வராத புதுக்கதைகளைப் படித்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குறையைச் சொல்கிறார்கள், வேறு வேறு வார்த்தையில். கதை முடியும்போது எல்லாம் பழையபடி இருந்த இடத்துக்கே போய்விடுகிறது. புதிதாக வந்த காதலன் கடைசிப் பக்கத்துக்குள் ஊரைவிட்டுப் போகிறான் அல்லது சாகிறான். சகோதரிகளுக்குள் பெரிய பிளவு வந்தால் அதே புத்தகத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஏன்? அடுத்த வாரம் தொடர் எந்தப் பக்கம் போகும் என்பது நாவலாசிரியர் கையில் இல்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் துலக்கித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, கதாபாத்திரங்களைக் கீறல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும்.

மற்ற வகைக் கதையில் இது பெரிய குறையாகத் தெரியாது. துப்பறிபவர் ஒவ்வொரு புத்தகத்திலும் அதே ஆளாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இங்கே கதையே பெண்களுக்கு ஆற்றல் வருவதைப் பற்றியது. நேரத்தை நிறுத்துகிறவளால் தன் வாழ்க்கையில் ஒன்றையும் மாற்ற முடியவில்லை என்றால் பதினான்கு வயது வாசகிக்குக்கூட உறுத்தும். உறுத்தியிருக்கிறது. “இவ்வளவு சக்தி இருந்தும் 180-ஆம் பக்கத்தில் இவள் முதல் பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்” என்று ஒருத்தி கோபமாக எழுதியிருக்கிறாள். அவளுக்கு உரிமம் பற்றித் தெரியாது. அதன் விளைவைத்தான் அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் ‘சார்புநாவல்’ வேண்டாம் என்று நினைக்கிறேன் ஐயா. நூற்பாவில் சார்பு என்றால் ஒரு பக்கம் ஒத்துப்போவது. இன்றைய காதில் அது ‘இன்னொருவரைச் சார்ந்து பிழைப்பது’. இந்தப் புத்தகங்களை ஏற்கெனவே இரண்டாந்தரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் படிப்பது என்பதால் ஒரு படி கூடுதலாகவே. டை-இன் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி ‘ஸ்கிரைப்’ என்று விருது கொடுக்க ஆரம்பித்ததே, மற்ற விருதுகள் இவர்களைத் திரும்பிப் பார்க்காததால்தான். சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் விரித்தால் ‘நான் ஒரு டை-இன் எழுத்தாளர்’ என்றும் வரும்படி வைத்திருக்கிறார்கள். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தரம் பற்றிய தீர்ப்பை விமர்சகர் எழுதட்டும், வகையின் பெயர் எழுத வேண்டாம்.

‘உரிமநாவல்’ சரியான பொருளைத் தருகிறது, ஆனால் வழக்கறிஞர் மேசையில் இருக்கிற சொல். கட்டுரைக்குள் வந்தால் வாசகர் ஏதோ சட்டச் சிக்கல் என்று நினைத்துக்கொள்வார்.

என் முடிவு இப்படி. பொதுப்பெயராக ‘திரைசார் நாவல்’. ‘சார்பு’ என்று பெயர்ச்சொல்லாக நிற்கும்போது வருகிற கீழ்மை, ‘துறைசார்’, ‘அறிவுசார்’ என்று ஒட்டி வரும்போது இல்லை. எதனோடு தொடர்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. வீடியோ விளையாட்டிலிருந்து வந்தால் ‘ஆட்டம்சார் நாவல்’. முன்னால் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் திரைக்கதையை அப்படியே நாவலாக்கியதற்கு ஐயா சொன்ன ‘வழிநாவல்’. வழியில் படிப்பது என்று தம்பி கேலி செய்தாலும், இரண்டாவது தடவை பார்க்கும்போது பழகிவிடும். கிங் காங் கேள்விக்கு என் பதில்: முதல் என்பது எது முதலில் கடைக்கு வந்தது என்பதல்ல, எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்பது. நாவல் முந்திக்கொண்டாலும் அது திரைக்கதையைப் பார்த்து எழுதியதுதான். ‘தியாகபூமி’ மட்டும் இதில் அடங்காது. அதற்குத் தனிப்பெயர் வேண்டும், தனி இழை தொடங்குங்கள் தம்பி.

‘புடைநாவல்’ என் கட்டுரையில் வராது. அங்கெல்லாம் ‘திரையில் வராத திரைசார் கதை’ என்று விரித்தே எழுதிவிட்டேன். நீளம்தான், ஆனால் புரிகிறது.

இன்னும் ஒன்று, யாரும் கேட்காதது. பெண்களின் ‘பவர்’ என்பதற்கு ‘சக்தி’ என்று எழுதியிருந்தேன். அம்மன் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ‘அதிகாரம்’ என்றால் நாற்காலி வந்துவிடுகிறது. கடைசியில் எல்லா இடத்திலும் ‘ஆற்றல்’ என்று மாற்றினேன். பொருளை நகர்த்துவதும் ஆற்றல்தான், காதலனாக வந்தவனை அடையாளம் கண்டு வெளியே அனுப்புவதும் ஆற்றல்தான். ‘சூனியக்காரி’யையும் எடுத்துவிட்டேன், ‘மந்திரக்காரி’ போதும். மேற்கோள்களில் மட்டும் வாசகிகள் எழுதிய ‘சக்தி’யைத் தொடவில்லை.

* * *

அம்மா, ‘புடை’ போனதில் வருத்தம்தான். ‘வழி’ நின்றதே, அது போதும்.

ஒரு திருத்தம். உங்கள் வரைவில் இரண்டு இடத்தில் ‘திரைச்சார்’ என்று ச் போட்டிருக்கிறீர்கள். திரையைச் சார்ந்த என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. ‘துறைசார்’ என்று எழுதுவதுபோலத் ‘திரைசார்’ என்றே இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.