பெருநாள் விருந்துக்குக் கடல் நீலத்தில் பஞ்ச்: 60 பேருக்கு அளவு சொல்லுங்க

கீழை_அடுப்படி:
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பகல் விருந்து, 60 பேர். பிரியாணி முடிந்ததும் மாடிப் பந்தலில் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கடல் மாதிரி நீலமா ஒரு பஞ்ச் வைக்கணும்னு பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. கலர்ப்பொடியும் ஜெலட்டினும் வேண்டாம். காய்ந்த சங்குப்பூ, இளநீர், நுங்கு, கடல்பாசி (அகர் அகர்) எல்லாம் கிடைக்கும். எவ்வளவு எடுக்கணும், எந்த வரிசையில் கலக்கணும்? எலுமிச்சை விட்டதும் நீலம் ஊதாவா மாறிடுதே, அதைத் தடுக்க முடியுமா?

சேது_சர்பத்:
லாத்தா, தடுக்க முடியாது. சங்குப்பூவின் சாயமே அப்படித்தான், புளிப்பு பட்டால் ஊதாவாகும். அதனால் எலுமிச்சையைப் பாத்திரத்தில் விடாதீங்க. சாற்றைத் தனிக் குவளையில் வைத்து, ஆளுக்கு 2 டீஸ்பூன் கிளாஸிலேயே விடச் சொல்லுங்க. கண்ணெதிரே நிறம் மாறும். பிள்ளைங்க சுற்றி நின்னு வேடிக்கை பார்ப்பாங்க.

15 லிட்டருக்கு அளவு: இளநீர் 8 லிட்டர் (30 காய் வாங்குங்க, பெரிய காயாக இருந்தால் மிஞ்சும்), சங்குப்பூ டிகாஷன் 3 லிட்டர், சர்க்கரைப் பாகு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட, குளிர்ந்த தண்ணீர் 2 லிட்டர், எலுமிச்சை 30. பாகுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை, முக்கால் லிட்டர் தண்ணீர். சர்க்கரை கரைந்ததும் இறக்கிடுங்க, கம்பிப் பதம் வேண்டாம். ஐஸ் உருகும் என்பதால் இனிப்பு ஒரு பிடி தூக்கலாத்தான் இருக்கணும். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்க, நம்ம பக்கத்து இளநீரில் உப்புக்கரிப்பு ஏற்கெனவே இருக்கும்.

டிகாஷனுக்கு 15 கிராம் காய்ந்த பூ, 3 லிட்டர் வெந்நீர். அடுப்பை அணைத்துவிட்டுப் பூவைப் போட்டு 10 நிமிடம் மூடி வடிகட்டினால் போதும். பூவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பச்சை வாடை ஏறும். பச்சைப் பூ என்றால் காம்பையும் அடிப்பச்சையையும் கிள்ளி எறியணும். கிணற்று நீர், போர் நீர் கூடவே கூடாது. நம்ம கரையோரத் தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், கொதித்தால் காரத்தன்மை இன்னும் ஏறும், நீலம் பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கும். கேன் தண்ணீர்தான்.

மண்டபம்_முகாம்:
கடல்பாசி பற்றி நான் சொல்றேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் இழை. அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் இழை முழுசாக் கரையும்வரை கொதிக்கவிடணும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் நரம்பு மாதிரி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அதன் பிறகுதான் சர்க்கரை, 100 கிராம். முதலிலேயே சர்க்கரை போட்டால் இழை கரைய மறுக்கும். எலுமிச்சையைக் கொதிக்கும்போது விட்டால் உறைவு தளர்ந்து கூழாகிப் போகும்.

பாதியை எதுவும் சேர்க்காம அப்படியே ஊற்றுங்க, பாதிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் கலங்க. தட்டில் அரை அங்குல உயரம்தான். ஆறினாலே உறைஞ்சிடும், ஃப்ரிட்ஜ் கட்டாயமில்லை. சங்கு, மீன் அச்சில் வெட்டினால் பிள்ளைங்க கேட்ட கடல் வந்துடும். ஜெலட்டின் மாதிரி இது மாடி வெயிலில் இளகாது, 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். நம்ம மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்தக் கடல்பாசி செய்வாங்க, கடையில் பாக்கெட்டில் பார்க்கிற பலருக்கு அது தெரியாது.

நுங்கு 40 காய் எடுங்க. மேல்தோலை உரிக்காவிட்டால் துவர்க்கும், டிகாஷனில் பழுப்புச் சாயமும் இறங்கும். விரலால் அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பணும், கல்லு மாதிரி இருந்தால் முற்றினது. நறுக்கி, பாகில் ஊறப்போடாதீங்க, நீர் விட்டுச் சுருங்கிடும். பரிமாறக் கால் மணி நேரம் இருக்கும்போது சேர்த்தால் போதும்.

பாம்பன்_காத்து:
எல்லாம் சரி, ஐஸ் பற்றி யாரும் பேசலையே. கூலர் பாக்ஸ் நிரம்பணும்னு மீன் ஐஸ் பார் வாங்கி உடைச்சுப் பாத்திரத்துக்குள்ள போட்டுடாதீங்க. அது மீனுக்குச் செய்யிற ஐஸ், குடிக்கிற தண்ணில செஞ்சதுன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. அண்டாவைச் சுத்தி வெளியே அடுக்கலாம், மேல ரெண்டு கை கல்லுப்பு தூவினால் குளிர்ச்சி கூடும். அண்டா வாயை மூடியே வைங்க, உருகின தண்ணி தெறிக்கும்.

உள்ளே போட, முந்தின நாளே டிகாஷனில் பாதியை எடுத்து 1 லிட்டர் டப்பாக்களில் உறையவைங்க. பெரிய கட்டி மெதுவா உருகும், உருகினாலும் நீலம் வெளுக்காது. சின்னக் கட்டியை அள்ளிப் போட்டால் வெயிலில் சீக்கிரமே சாயத்தண்ணி ஆயிடும்.

இன்னொண்ணு, வயசானவங்க நீலத் தண்ணியைக் கையிலேயே வாங்க மாட்டாங்க. 15 பேருக்கு நன்னாரி சர்பத் தனியா போடுங்க: கிளாஸுக்கு 30 மில்லி நன்னாரிப் பாகு, அரை எலுமிச்சை, ஊறின சப்ஜா 1 டீஸ்பூன். அவங்களுக்கு அதுதான் பெருநாள் சர்பத்.

கீழை_அடுப்படி:
ஜஸாகல்லாஹ். பித்தளை அண்டா இருக்கு, ஆகுமா? எதையெல்லாம் முந்தின ராத்திரியே செய்யலாம்?

சேது_சர்பத்:
ஈயம் பூசாத பித்தளையில் இளநீரைத் தொடவே விடாதீங்க, அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர்தான். பாகு, கடல்பாசி, டிகாஷன் மூன்றையும் முந்தின ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இளநீரை மட்டும் பரிமாற ஒரு மணி நேரம் இருக்கையில் வெட்டுங்க. வெளியே நின்னால் புளிக்கும், சில காய் இளஞ்சிவப்பாவும் மாறும். ஒவ்வொரு காயையும் தனிக் கிளாஸில் ஊற்றி மோந்து பார்த்து அண்டாவில் சேருங்க, ஒரு கெட்ட காய் 8 லிட்டரையும் கெடுக்கும். எலுமிச்சையையும் அன்னைக்கே பிழியுங்க, விதையோட இருந்தால் கசப்பு இறங்கும்.

கண்ணாடிப் பாத்திரத்தில் 15 லிட்டர் கொள்ளாது. 5 லிட்டரா மூணு தடவை நிரப்புங்க, மிச்சம் அண்டாவில் குளிரில் இருக்கட்டும். கடல்பாசியையும் நுங்கையும் மூணு பங்காப் பிரிச்சு வைங்க, இல்லாட்டி முதல் பந்தியே அள்ளிட்டுப் போயிடும்.